பாட்டைக் கேட்டவர்கள்

என் பேரன் கல்லூரியில் சினிமாவைப் பாடமாகப் படிக்கிறான். எங்கள் காலத்தில் சினிமா பார்த்தால் படிப்புக் கெட்டுப்போகும் என்றார்கள். இப்போது சினிமாவே படிப்பாகிவிட்டது. சென்ற கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் வந்திருந்தவன் ஒரு நாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, ஒரு படம் போடறேன், பாருங்க. விண்வெளிக் கதை. பிரெஞ்சுச் சித்திரக் கதையிலேருந்து எடுத்தது. உலகம் பூரா இதுக்குப் பக்தர்கள் இருக்காங்க."

பக்தர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் நானும் கொஞ்சம் பயபக்தியோடுதான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். படத்தின் பெயர் 'பார்பரெல்லா'. படம் தொடங்கியதும் தொடங்காததுமாகப் பேரனுக்கு இருமல் வந்துவிட்டது. கதாநாயகி தன் விண்வெளி உடையைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனவன் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வந்தான். அதுவரை நான் மேஜைமேல் கிடந்த பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததாகப் பாவனை செய்தேன். இரண்டு பேர் மானமும் பிழைத்தது.

ழான் க்ளோத் ஃபொரே என்ற பிரெஞ்சுக்காரர் 1962-இல் ஒரு பத்திரிகையில் வரையத் தொடங்கிய கதை அது. ரோஜே வாதிம் அதை 1968-இல் படமாக்கினார். ஜேன் ஃபோண்டா நடித்தார். கதை இதுதான்: எதிர்காலப் பூமியில் சண்டை சச்சரவே இல்லை. ஆனால் ஒரு விஞ்ஞானி பயங்கரமான ஆயுதம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு எங்கோ மறைந்துவிடுகிறான். அவனைத் தேடிப் பிடிக்கும்படி பூமியின் ஜனாதிபதி பார்பரெல்லாவை அனுப்புகிறார். அவள் தன்னந்தனியாகக் கலத்தைச் செலுத்திக்கொண்டு போகிறாள். கடைசியில் அந்த விஞ்ஞானி அவளை ஆர்கன் வாத்தியம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் அடைத்து, அதை வாசித்தே அவளைக் கொன்றுவிடப் பார்க்கிறான். அவள் சாகவில்லை. இயந்திரம்தான் புகைந்து எரிந்துபோகிறது.

படம் முடிந்ததும், "எப்படி இருந்தது தாத்தா?" என்றான்.

"நம்ம ஊர்ல இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே வேற்றுக் கிரகத்துக்குப் போயிட்டு வந்துட்டாங்கடா" என்றேன்.

அவன் நம்பவில்லை. வாசகர்களிலும் சிலர் நம்பமாட்டார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1963-இல் 'கலை அரசி' என்று ஒரு தமிழ்ப் படம் வந்தது. இயக்கியவர் ஏ. காசிலிங்கம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். இசை கே. வி. மகாதேவன். வேற்றுக் கிரகத்து மனிதர்களையும் அவர்களுடைய வாகனத்தையும் இந்தியத் திரையில் காட்டிய முதல் படங்களுள் ஒன்று என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

வேறோர் உலகம். விஞ்ஞானத்தில் அவர்கள் எங்கோ உயரத்தில் இருக்கிறார்கள். ஆனால் பாட்டும் ஆட்டமும் அங்கே வளரவில்லை. ஆகவே, பூமிக்குப் போய் ஒரு நல்ல கலைஞரைக் கொண்டுவந்து கற்றுக்கொள்வது என்று தீர்மானிக்கிறார்கள். அதற்காக வருகிறவர் நம்பியார். இங்கே பானுமதி பாடுவதைக் கேட்கிறார், சொக்கிப்போகிறார், தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவளைக் காதலிக்கும் உழவனான எம்.ஜி.ஆர். அந்த உலகத்துக்கே போய் அவளை மீட்டு வருகிறார்.

இந்தப் படம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். சம்பா அறுவடை முடிந்து ஜனங்கள் கையில் நாலு காசு புழங்குகிற சமயம். நானும் அம்மாவும் அக்காவும் குடமுருட்டிக் கரையோடு நடந்து போனோம். அக்காவுக்குப் பதினேழு வயது. அவளுக்குச் சினிமா பார்க்க அனுமதி கிடைப்பது அபூர்வம். பானுமதி சொந்தக் குரலில் பாடுகிறவர் என்ற நியாயத்தைச் சொல்லித்தான் அம்மா அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள்.

மறுநாள் காலையில் களத்தில் இதே பேச்சு. எங்கள் வயலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் முதல் நாள் தரை டிக்கெட்டில் படம் பார்த்திருந்தார். அவர் அப்பாவிடம், "எல்லாம் சரிதான் ஐயா. அந்த ஊர்ல சோத்துக்கு என்ன செய்வாங்க? ஒரு வயக்காட்டைக்கூடக் காட்டலியே" என்று கேட்டார். களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிற்காலத்தில் யோசித்தபோது அது சிரிக்க வேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் நான் முதல் முதலாகக் கேட்ட பாட்டே நடவு வயலில் பெண்கள் பாடியதுதான். வயல் இல்லாத ஊரில் பாட்டு எங்கிருந்து வரும்?

பல வருஷங்கள் நான் இந்த எண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். கலை என்பது மண்ணில் முளைப்பது. அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்க முடியாது. நம்பியார் செய்த தவறு அதுதான் என்று மேடைகளில்கூடப் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது அது தவறான அபிப்பிராயம் என்று தோன்றுகிறது.

காவிரிக் கரையில் பிறந்த ஒருவன், பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று சொன்னால் அவன் கண்ணைத் திறந்து வயலைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் விவசாயமே பிடுங்கி நடுவதுதான். நாற்றங்காலில் விதைத்து, இருபத்தைந்து முப்பது நாளில் நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, முடி முடியாகக் கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் நடுகிறோம். நாலைந்து நாள் அது வாடி நிற்கும். பிறகு பச்சை பிடித்துவிடும். நாற்றங்காலிலேயே விட்டுவைத்த நாற்றுத்தான் கதிர் வாங்காமல் வீணாகும்.

கலையும் அப்படித்தான் இடம் மாறி வளர்ந்திருக்கிறது. தஞ்சை நால்வர் என்று நாட்டிய உலகம் போற்றும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களில் வடிவேலு திருவாங்கூருக்குப் போனார். அங்கே சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு 1834-இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அந்த வயலின் மட்டும் இந்த மண்ணில் முளைத்ததா? ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் அது. இன்று அது இல்லாமல் நம் கச்சேரி நடப்பதில்லை.

ஆகவே, இடம் மாற்றியது குற்றமில்லை. அப்படியானால் நம்பியார் செய்த குற்றம்தான் என்ன?

இந்தக் கேள்வியோடு ஒரு நாள் பெரிய கோயிலுக்குப் போனேன். ராஜராஜ சோழன் கட்டிய அந்தக் கோயிலின் சுற்றுச் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, தஞ்சையில் கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியேற்றிய கணக்கு அது. பொத்தாம் பொதுவாக நானூறு பேர் என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் அவளுக்கு வீடு என்று ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அந்தப் பங்கு அவளுடைய நெருங்கிய உறவில் தகுதியுள்ளவருக்குப் போகும் என்பதுவரை விதி இருக்கிறது. ஆடும் பெண்களின் பெயரை ஆயிரம் ஆண்டு நிற்கும்படி வெட்டிவைத்தவனை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது, இத்தனை விவரத்திலும் ஒரு விவரம் மட்டும் இல்லை என்று தோன்றியது. திருவாரூரிலிருந்து வந்தவளிடம், 'உனக்கு வர இஷ்டமா?' என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்கலாம். சந்தோஷமாகவே அவள் வந்திருக்கலாம். மாமன்னன் எழுப்பிய புதுக் கோயிலில் ஆடக் கிடைத்ததைப் பாக்கியமாகவும் கருதியிருக்கலாம். அது எழுதிவைக்க வேண்டிய விஷயமாக யாருக்கும் படவில்லை. நெல் அளக்கும் மரக்கால் இன்னது என்பதுகூட எழுதத் தகுந்த விஷயமாயிற்று.

நம் தமிழில் ஒரு விசேஷம் உண்டு. 'கேட்பது' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பாட்டைக் கேட்கிறோம், ஒருவரிடம் சம்மதம் கேட்கிறோம். காதால் செய்வதும் கேட்டல்தான், வாயால் செய்வதும் கேட்டல்தான். நம்பியார் முதல் கேட்டலைச் செய்தார். அவரைப்போல் ரசித்துக் கேட்டவன் எவனுமில்லை. இரண்டாவது கேட்டலைச் செய்யவில்லை. அவ்வளவுதான் குற்றம். ஆனால் அது அவ்வளவுதான் என்று ஒதுக்கக்கூடிய குற்றமில்லை.

அந்த வேற்றுலகத்து மனிதன் பொன்னுக்காக வரவில்லை, மண்ணுக்காக வரவில்லை. சங்கீதத்துக்காக வந்தான். இதைவிட உயர்ந்த ஆசை உண்டா? நான் பயப்படுவது இந்த இடத்தில்தான். ஆசை கீழ்த்தரமாக இருந்தால் மனசு உறுத்தும். திருட வந்தவனுக்குத் தான் திருடன் என்பது தெரியும். உயர்ந்த பொருளுக்கு ஆசைப்படுகிறவனுக்கோ அந்த உறுத்தல் இருப்பதில்லை. ஆசையின் உயர்வே அனுமதிச் சீட்டு என்று நினைத்துக்கொள்கிறான்.

தியாகராஜ சுவாமிகளைச் சரபோஜி மன்னர் அரண்மனைக்கு அழைத்ததாகவும், அவர் மறுத்துவிட்டுத் திருவையாற்றிலேயே இருந்துவிட்டதாகவும் ஒரு வரலாறு சொல்வார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் தியாகராஜருடைய வைராக்கியத்தைத்தான் நாம் புகழ்கிறோம். அது நியாயமே. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மன்னர் கேட்டார். மாட்டேன் என்று பதில் வந்ததும் அதோடு விட்டுவிட்டார். மறுக்க முடிந்ததால்தான் அந்த மறுப்புக்குப் பெருமை.

இதுவரை எழுதியதைப் படித்தவர்கள், நம்பியார் கட்சியையும் ராஜராஜன் கட்சியையும் விசாரித்துவிட்டு நான் நீதிபதியாக உட்கார்ந்திருப்பதாக நினைக்கலாம். என் வீட்டுக் கதையை ஒளித்துவைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருப்பது தர்மமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா நன்றாகப் பாடுவாள். உடன்பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, "இனிமே எங்கிட்ட இருக்கிறது இந்தக் குழந்தைக்குப் போதாது. பட்டணத்துக்கு அனுப்புங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். அந்தக் காலத்தில் எந்த வாத்தியாரும் வருமானத்தை விட்டு இப்படிச் சொல்லமாட்டார். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சென்னையில் இருந்தார். தம் வீட்டில் வைத்துக்கொண்டு நல்ல வித்துவானிடம் சேர்த்துவிடுவதாக அவரும் எழுதியிருந்தார். நாங்கள் 'கலை அரசி' பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது.

கூடத்தில் மூன்று நாள் பேச்சு நடந்தது. அப்பா, பெரியப்பா, மாமா, பாட்டு வாத்தியார் எல்லோரும் பேசினார்கள். அம்மா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு வார்த்தை சொன்னாள். கடைசியில் அப்பா, "நம்ம வீட்டுப் பாட்டு நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அதில் கோபமில்லை, கடுமையில்லை. சாயங்காலம் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்ததும் அவருக்கு அக்காவின் பாட்டு வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். அவ்வளவு பிரியம்.

எனக்கும் பரம சந்தோஷம். எங்கே அக்காவைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்தவன் நான். சென்னை மாமாவை நம்பியாராகவும், அப்பாவை எம்.ஜி.ஆராகவும் மனசுக்குள் வைத்திருந்தேன். எம்.ஜி.ஆர். ஜெயித்துவிட்டார் என்று கொண்டாடினேன்.

அந்த மூன்று நாளும் அக்கா சமையற்கட்டில் இருந்தாள். அவளை ஒருவரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா கேட்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. கொண்டுபோக வேண்டும் என்றவர்களும் சரி, வைத்துக்கொள்ள வேண்டும் என்றவர்களும் சரி, பேசிய தொனி ஒன்றுதான். அந்தக் குரல் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. குரலுக்கு உடையவள் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை, சாட்சிகூட இல்லை.

தூக்கிக்கொண்டு போகிறவனை உலகம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. அவனுக்குப் பறக்கும் வாகனம் இருக்கிறது. பிரியத்தோடு பிடித்துவைத்துக்கொள்கிறவனை அடையாளம் காண்பது கஷ்டம். அவனுக்கு ஓர் ஊஞ்சல்தான் இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தில் கதாநாயகி மீண்டு வரத்தான் விரும்புகிறாள். ஆகவே அந்தக் கதாநாயகன் மீது குற்றமில்லை. வீட்டில் நடந்ததைக் கொட்டகையில் பார்த்ததோடு முடிச்சுப் போட்டவன் நான்தான்.

சம்மதம் கேட்டுவிட்டால் மட்டும் போதுமா என்று யாராவது என்னை மடக்கலாம். வாஸ்தவமான கேள்வி. நூறு கலம் நெல்லையும் அரசனுடைய ஆணையையும் வைத்துக்கொண்டு, 'வருகிறாயா?' என்று கேட்டால் ஓர் ஏழைப் பெண் என்ன பதில் சொல்லிவிட முடியும்? அப்பாவே அன்றைக்குக் கேட்டிருந்தாலும், "உங்க இஷ்டம்ப்பா" என்பதைத் தவிர அக்கா வேறு என்ன சொல்லியிருப்பாள்? மாட்டேன் என்பதற்கு இடம் வைக்காமல் கேட்கிற கேள்வி கேள்வியாகாது. அது உத்தரவுக்குப் போட்ட சால்வை. ஆனாலும் கேட்பதில் ஒரு லாபம் உண்டு. கேட்கப்பட்டவளுக்குத் தன் வாழ்வு தன்னுடையதாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஒரு நிமிஷமாவது வரும். வந்த எண்ணம் போகாது.

பேரன் காட்டிய படத்துக்கே வருகிறேன். ஒரு விதத்தில் அது நம் படத்தை முந்திவிட்டது. நம்முடைய கலையரசி தூக்கிக்கொண்டு போகப்படுகிறாள். அவர்களுடைய பார்பரெல்லா தானே கலத்தைச் செலுத்துகிறாள். 1963 ஜூன் மாதம், 'கலை அரசி' வந்த அதே ஆண்டில், ரஷ்யாவின் வாலெந்தினா தெரெஷ்கோவா விண்வெளிக்குப் போன முதல் பெண்ணாகிவிட்டாள். பெண் தானே போகலாம் என்பது கற்பனையாகக்கூட இல்லாமல், நடந்த காரியமாகிவிட்ட வருஷம் அது. ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கதையை எடுத்தவர்களும் பாதிதான் தாண்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கலத்தின் விசையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். காமிராவை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். என் பேரனுக்கு இருமல் வந்த காரணமும் அதுதானே.

அந்த வாரமே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா அங்கே மகனோடு இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. நான் போனபோது முற்றத்து ஓரமாக உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு பிடியை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அப்பா உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, நீ பட்டணத்துக்குப் போயிருப்பியா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்திய அந்த மூன்று நாட்களில் ஒன்று என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த கீரைத்தண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைடா. போயிருப்பேனோ, மாட்டேனோ. உங்களையெல்லாம் விட்டுட்டு இருந்திருக்க முடியுமான்னும் சொல்லத் தெரியலை. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

அப்பாவைக் குறை சொல்லும் குரல் இல்லை. "பூச்சி அரிச்சதைப் பார்த்துப் போடு. கண்ணாடியைப் போட்டுக்கோயேன்" என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போனால், "அக்கா, அந்தப் பைரவியைப் பாடு" என்று சொல்வது என் வழக்கம். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் அது வாய்வரை வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, "பாடறியா அக்கா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"இன்னிக்கு வேண்டாண்டா" என்றாள்.

சரி என்றேன். இன்னும் ஒரு கட்டுக் கீரை மிச்சமிருந்தது. இரண்டு பேருமாக ஆய்ந்து முடித்தோம்.